ஆயிரத்து நானூற்றுப் பத்து

தராசு நடுங்கி நின்றது.
ஆயிரத்து நானூற்றுப் பத்து கிராம்.
மேலூர்ச் சந்தையில்
ஒரு பூசணிக் கீற்று இதைவிடக் கனக்கும்.

படிவத்தில் தாயின் வயதுக்கு ஒரு கட்டம்.
பத்தொன்பது, என்றாள் பாண்டிமீனா.
இருபது, என்றாள் மாமியார், அதே நொடியில்.

எனக்குத் தெரியும்.
போன வருசம் பள்ளிகள் சுற்றும் வண்டியில் நான்.
ஒரு வியாழக்கிழமை
இரும்புச்சத்து மாத்திரையை நாக்கடியில் ஒளித்து
சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய்த் துப்பினாள்.
பார்த்தேன்.
வண்டி ஹாரன் அடித்தது, ஏறிவிட்டேன்.

இப்போது அவள் மார்பில்
தோலோடு தோலாய் அவனை வைத்துக் கட்டுகிறேன்.
"எம்புட்டு நேரத்துக்குக்கா?"
விடிய விடிய.
கரண்ட் போனாலும் அணையாத சூடு
இந்த வார்டில் நீ ஒருத்திதான்.

மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தால்
அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறாள்,
வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில்.
நாற்பதில் தடுமாறி
மறுபடி ஒன்றிலிருந்து.

கட்டம் இன்னும் காலி.
பதினாறு என்று எழுதினேன்.
விடிந்ததும் ஸ்டேஷனுக்குச் சொல்லியாக வேண்டும்.
மாமியார் நடையில் தூங்குகிறாள்,
கையில் பிளாஸ்க்கோடு.

உள்ளே
முப்பத்தேழு,
முப்பத்தெட்டு.