குறைந்தபட்சத் தேவை

சேகோ ஆலையில் எடைச்சீட்டு அடித்த கம்ப்யூட்டர்.
புதுசு வந்ததும் முதலாளி
சம்பளத்தில் ஆயிரத்தைந்நூறு பிடித்துக்கொண்டு
எடுத்துட்டுப் போம்மா என்றார்.
ஆத்தூர் பஸ்ஸில் மடியில் வைத்தபடி
அம்மாபேட்டை வரை வந்தேன்.
கண்டக்டர் லக்கேஜ் போடவில்லை.

மூடியைக் கழற்றினால்
எல்லார் வீட்டிலும் கறுத்திருக்கும் தூசி
இதில் வெள்ளை.
ஒன்பது வருஷ மரவள்ளி மாவு
ஃபேன் இறக்கையில் அடையாய் அப்பியிருந்தது.
பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித்தட்டி எஸ்தர் சொன்னாள்:
"ரெண்டு வடாம் ஊத்தலாம்டி இதுல."

விளையாட்டோ
பதினாறு ஜிபி ரேம் கேட்கிறது.
இருப்பது நாலு.
நூற்றிப்பத்து ஜிபி இடம் கேட்கிறது.
இருக்கும் இடமெல்லாம் மூட்டைக் கணக்கு.
புது கார்டின் விலையைப் பார்த்துவிட்டு
அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

பழையது ஒன்று குகையில் கிடைத்தது.
வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம்,
குகை எங்கள் ஊரில் ஒரு பேட்டை.
பிரகலாதன். மாடி அறை.
"ஏழாயிரம். நாள்பூரா ஓட்டித் தேய்ச்ச கார்டு இல்லைங்க, சத்தியமா."
ஏன் விற்கிறீர்கள் என்றேன்.
விட்டத்தில் புதிதாய் மாட்டிய
தொட்டில் கொக்கியைக் காட்டினான்.
வியாழக்கிழமை வருகிறார்களாம்.
பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தவன்
நான் பாதிப் படி இறங்கியதும் கூப்பிட்டான்:
"சூடேறினா கொஞ்சம் கத்தும். பயந்துக்காதீங்க."

கார்டு ஒரு விரற்கடை நீளம்.
உள்ளே நுழையவில்லை.
செவ்வாய்ப்பேட்டை வெல்டிங் பட்டறைக்காரர்
குறுக்கே நின்ற தகரத்தை
ஒரே வெட்டில் எடுத்துவிட்டு நாற்பது ரூபாய் வாங்கினார்.
"ஸ்டீல் பிளான்ட் இருக்கிற ஊர்ல
இதுக்கா ரெண்டு நாள் யோசிச்சீங்க?"

பேஸ்ட் பச்சைப்பயறு அளவு போதும் என்றது வீடியோ.
எஸ்தர் வைத்தாள்.
ஜி.எச்.சில் ராத்திரி டூட்டி பார்க்கும் கை,
நரம்பு கிடைக்காத குழந்தைக்கே தடுமாறாது.
பட்டனை அழுத்தினேன்.
மூன்று பீப். இருட்டு.
ரேமைப் பிடுங்கி
ரப்பரால் தேய்த்து
மறுபடி செருகி
மறுபடி மூன்று பீப்.
நாலாவது முறை ஏன் வந்தது என்று
இருவருக்கும் தெரியாது.

இடத்துக்காகப் பழைய சீட்டுகளை அழித்தேன்.
லாரி எண், மூட்டை, ஈரக் கழிவு.
வெயில் பிளக்கிற மே மாதத்திலும்
பன்னிரண்டு சதவீதம் ஈரம்.
நான் அடித்ததுதான்.
"கிழங்கு காஞ்சு கிடக்குதேம்மா" என்று
ஒருவர் ஜன்னலில் நின்றது நினைவிருக்கிறது.
நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது.
அந்த ஒரு வருஷத்தை மட்டும்
பென்டிரைவில் ஏற்றி அரிசி டப்பாவில் போட்டேன்.
மீதியை அழித்தேன்.

ஓடியது.
எல்லாம் லோ.
மரத்துக்கு நிழல் இல்லை,
தோணிக்காரியின் முகம் பிசைந்த மாவு,
பத்தடிக்கு அப்பால் வெறும் பனி.
டிசம்பரில் ஸ்கூட்டியில் ஏற்காடு ஏறினால்
பதினேழாவது கொண்டை ஊசியில் இப்படித்தான்.
அங்கே போய் யாரும்
மலையைக் குறை சொல்வதில்லை.

இரண்டு பத்துக்கு போன் மினுங்கியது.
"ஓடுதாங்க?"
ஓடுது.
"எந்த செட்டிங்ஸ்?"
மீடியம் என்று பொய் சொன்னேன்.
அடுத்து வாய்ஸ் மெசேஜ்.
பின்னால் குழந்தை வீறிடுகிறது,
அவன் குரலைத் தாழ்த்திப் பேசுகிறான்:
"துறைக்கு வந்துட்டீங்களா?
எதிர்க்கரையில ஒரு வெளக்கு எரியும்.
அங்கதான் நிறுத்திட்டேன்.
அது என்னன்னு..."
மீதியை அழுகை விழுங்கிவிட்டது.

என் திரையில் எதிர்க்கரையே இல்லை.

இருங்க, பார்த்துச் சொல்றேன் என்று அனுப்பிவிட்டு
டேபிள் ஃபேனை
என் பக்கமிருந்து அதன் பக்கம் திருப்பினேன்.
ஏப்ரல் மாதம்.
எங்கோ ஒட்டியிருந்த கடைசி மாவு
கீபோர்டில் பறந்து வந்து விழுந்தது.
கார்டு கத்தத் தொடங்கியது.
துடுப்பை எடுத்தேன்.