அரைப்பேர்

பதினெட்டாம் நம்பர் மலையில்
பனி இன்னும் இறங்காத நேரம்
கான் ஓரம் கால் வழுக்கியது.
கல் அங்கேயே இருந்தது,
எப்போதும் இருந்ததுதான்.
ஒரு சொட்டு இரத்தமில்லை.
எழும்பி, கூடையை நிமிர்த்தி,
சிந்திய கொழுந்தைப் பொறுக்கினேனாம்.
எனக்கு ஞாபகமில்லை.
புவனலோஜினி சொல்லித்தான் தெரியும்.

டிக்கோயாவில் ஸ்கேன் எடுத்தார்கள்.
ஒன்றுமில்லை என்றார்கள்.
அந்த ஒன்றுமில்லையை
மூன்று மாதமாய்த் தலையில் சுமக்கிறேன்.
மழையில் நனைந்த கொழுந்துகூட
இத்தனை பாரமில்லை.

வெயில் குத்துகிறது.
கரண்டி சட்டியில் விழுந்தால்
பல்லெல்லாம் கூசுகிறது.
அடுப்பை மூட்டிவிட்டு
எதற்கு மூட்டினேன் என்று
நெருப்பையே கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.
மகன் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான்,
சத்தமாய், இராகமாய்.
கொப்பியைப் பிடுங்கி எறிந்தேன்.
அவன் அழவில்லை.
அன்றிலிருந்து
உதட்டை மட்டும் அசைத்துப் படிக்கிறான்.
அதைப் பார்த்துவிட்டு
பீலிக்கரைக்குப் போய் அழுதேன்,
தண்ணீர் விழும் சத்தம்
தலையைப் பிளக்கப் பிளக்க.

"ஆளு நல்லாத்தானே நிக்கிறா,
கட்டு உண்டா, காயம் உண்டா?"
பிரட்டுக்களத்தில் யாரோ.
மதியத்தோடு இறங்கிவிடுகிறேன் என்பதால்
செக்ரோலில் அரைப்பேர் விழுகிறது.
சம்பளம் பாதி என்பதைவிட
அந்தச் சொல் சரியாய்ப் பொருந்தியதுதான்
பயமாய் இருந்தது.

ஒரு இரவு மரியசீலனிடம் சொன்னேன்:
"நான் இல்லாட்டி
இந்த வீட்டில் புள்ள சத்தமாப் படிக்கும்."
அவன் பேசவில்லை.
விடியுமுன் வேட்டியை மாற்றி
முதல் பஸ்ஸில் ஏற்றினான்.
மனநல கிளினிக் வாங்கில்
தெரிந்த முகம் வருமோ என்று
முந்தானையை இழுத்துக்கொண்டேன்.
அவனோ நம்பர் துண்டைப் பிடித்தபடி
வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தான்,
போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்க.

நர்ஸ் நிலந்தி தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்:
"கால் சுளுக்கினா மலை ஏறுறதா, அக்கே?
இது உள்ளுக்கு சுளுக்கு.
கோபம் வாறது, அழுகை வாறது, சாக நினைக்கிறது,
எல்லாம் சொல்லணும்.
சொல்லாம வைக்க வேணாம்."
பிறகு அவனைப் பார்த்து:
"வீட்டில சத்தம் என்ன சத்தம்?"
"மழை, மிஸ்" என்றான்.

ஐப்பசி தொடங்கியிருந்தது.
பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே தகரம்.
ஆறு வீடு தள்ளி விழும் துளியும்
ஓடி வந்து என் நெற்றியில்தான் அறையும்.

ஞாயிற்றுக்கிழமை
என் பழைய படங்கைச் சுருட்டிக்கொண்டு
கூரையில் ஏறினான்.
விரித்தான். பாய் அளவுக்குத்தான் வந்தது.
கீழே நின்று பார்த்த புவனலோஜினி
உள்ளே போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தாள்.
பிறகு நாலாம் காம்பரா, ஒன்பதாம் காம்பரா,
பிரட்டுக்களத்தில் பேசியவளும்
ஒன்றும் பேசாமல் ஒன்றை வீசினாள்.
இடுப்பில் கட்டித் தேய்ந்தவை,
கறை ஏறியவை, முள் கிழித்தவை.
பறக்காமலிருக்க
மேலே பழைய டயரும் கல்லும்.
கல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.
எத்தனை நாளுக்குப் பிறகு என்று
மகன்தான் எண்ணிச் சொன்னான்,
மெதுவாய்.

அன்று இரவு மழை
தகரத்தில் விழவில்லை.
எங்கள் இடுப்புகளில் விழுவதுபோல்
மொத்தமாய், மங்கலாய் விழுந்தது.

சுகமாகிவிட்டதென்று சொல்லமாட்டேன்.
நேற்றும் உப்பை இரண்டு தரம் போட்டேன்.
இன்னும் அரைப்பேர்தான்.

காளியப்பன் மட்டும் படங்கு தரவில்லை.
கடைசிக் காம்பரா மேல்
மழை பழையபடி கத்துகிறது.
அவன் வாசலில் போய் நின்று பழகுகிறேன்,
மகன் என் விரலைப் பிடித்துக்கொண்டு
நிமிஷத்தை எண்ணுகிறான்.
போன கிழமை ஐந்து.
இன்றைக்கு ஏழு.
ஏழில் அவனாகவே
வாய்ப்பாட்டைத் தொடங்கிவிட்டான்.