வ்ரோனாவின் இரண்டாம் அங்கம்

அட்டையின் பின்புறத்தில்
ஒரு மனிசனின் ஆயுள் பதினொரு வரி.
டியோஃபில் வ்ரோனா.
தகப்பன் ரயில்பாதையில் சிக்னல் விளக்குக்காரன்.
நாவல் நாலு, நாடகம் ஒன்பது,
அதில் மூன்று கிடைக்கவில்லை.
பத்தாம் வரியில் ஒரு மனைவி வருகிறாள்
பெயரில்லாமல்.

போலந்து மொழியில் வ்ரோனா என்றால் காகம்.
ஒட்டுசுட்டானில் எங்களுக்கு அது போதும்.
"காகத்தார் இண்டைக்கு என்ன சொல்லுறார்?"
என்று கேட்டுக்கொண்டுதான் ஒத்திகைக்கு வருவார்கள்.

நான் அவரிடம் ஆங்கிலத்தினூடாகப் போனேன்,
அதாவது, அடுத்த வளவு வேலிப் பொட்டுக்குள்ளால்.
பகல் முழுக்க நிவாரண அட்டை நிரப்பிய கை
இரவில் மண்ணெண்ணெய் விளக்கில்
தெரியாத ஒரு நகரத்துக்குத் தெரு போட்டது.

ஸ்நோ என்பதைப் பனி என்று எழுதினேன்.
"பனிக்கு ஆரக்கா செத்துப்போறது?"
புனிதசீலன் கேட்டான். நியாயமான கேள்வி.
மலேரியாக் குளிர் தெரியும்தானே, அதைப் பிடி என்றேன்.
பிடித்தான்.
சித்திரை வெக்கையில்
வகுப்பறை வாங்குகள் நடுங்கின.

கதை பெரிசில்லை.
ஒருவன் திரும்பி வருகிறான். வீடு இல்லை.
கதவு மட்டும் நிலையோடு நிற்கிறது.
சுற்றிப் போகலாம், போகமாட்டான்.
தட்டுகிறான்.

அதை அவர் இரண்டு தரம் எழுதினார்.
முதலாவதை, ஊர் எரிந்த கிழமை,
பால் கேனுக்குள் போட்டு
பேரி மரத்தடியில் தாட்டார்.
வந்து பார்த்தால் மரம் இல்லை.
மரம் நின்ற இடத்தைக் காட்டத் தெருவும் இல்லை.
மூன்று கிழமை கிண்டினாராம்.

பிறகு அவரை அச்சடிக்க ஆளில்லாத ஆறு வருடம்.
சீனித் தொழிற்சாலையில் கணக்கர்.
கிழங்கின் நிறை, லொறியின் இலக்கம், கழிவு,
அந்தப் பேரேட்டின் பின்பக்கங்களில்
ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினார்.
முன்னுரையில் ஒரு இடத்தில் சொல்கிறார்:
'தொலைந்த பிரதியில் உள்ளேயிருந்து
ஒரு பெண் "யார்?" என்று கேட்டாள்.
இப்போது அந்தக் குரல் வரமாட்டேன் என்கிறது.
ஆகவே இதில் ஒருவரும் கேட்பதில்லை.'

நாங்கள் அந்தக் குரலைத் திரும்ப வைத்தோம்.
அனுமதி கேட்க அவர் உயிரோடில்லை.
பத்தாம் வரிக்காரிக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.
யேசுராணிக்குப் பதினாறு வயது,
மேடைக்கு வரக் கூச்சம்.
கதவுக்குப் பின்னால் நின்று ஒரு சொல் சொல்ல
ஓம் என்றாள்.

மேடையேறவில்லை.

விசுவமடுவில், தை மாதம்,
மூன்று கொப்பி, ஒரு பிஸ்கற் ரின்,
ஷொப்பிங் பை மூன்று சுற்று,
பாலை மரத்துக்குக் கிழக்கே ஏழு எட்டு.
கிண்டும்போது சிரிப்பு வந்தது, பொய் சொல்லவில்லை.
காகத்தாரே,
உம்மிடம் படித்தது இதைத்தானா?

ஏழு எட்டு என்று எழுதி வைத்தது வேறொரு கொப்பியில்.
அது வலைஞர்மடத்தோடு போயிற்று.

யேசுராணி இப்போது மிதிவெடி அகற்றுகிறாள்.
ஒரு மீற்றர் அகல ஓடை,
முழங்காலில், முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு.
கருவி ஒரு நாளைக்கு நாற்பது தரம் கத்தும்:
மீன் ரின் மூடி, சைக்கிள் செயின்,
ஒரு தரம் காப்பு.
மாசியில் ஒரு சத்தத்தைத் தூரிகையால் துடைத்துத் துடைத்து
ஒன்றரை மணித்தியாலம் இருந்தாளாம்.
பிஸ்கற் ரின்.

செம்மண் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள்.
கறையான் பக்கம் பக்கமாக வாசித்து முடித்திருந்தது.
கம்பிச் சுருள் மட்டும் மிச்சம்.

இழப்பீட்டுப் படிவத்தில்
'சொத்தின் பெறுமதி' என்று ஒரு கட்டம்.
நான்தான் ஊருக்கே அதை நிரப்பிக் கொடுப்பவள்.
இதற்கு ஒன்றும் போடவில்லை.
படிவத்தின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது,
நல்ல தாள். முதல் அங்கம் முடிந்துவிட்டது.

"என்ர வசனம் எனக்கு இன்னும் பாடமக்கா"
என்றாள் அன்றைக்கு.
ஒரேயொரு சொல்தானே என்றேன்.
சிவப்புத் தலைக் கட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்று
முகத்தடுப்பை உயர்த்தி,
கூச்சமில்லாமல்,
"ஆர்?" என்று கேட்டாள்.

அடுத்த வசனம்
புனிதசீலனுடையது.