ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்

கட்டைவிரலை உயர்த்தினால்
நன்று என்று பொருளில்லை தண்ணீருக்குள்.
மேலே போகலாம் என்று பொருள்.
முதல் வாரம் மகிழ்ச்சி தாங்காமல்
உயர்த்திக்கொண்டே இருந்தேன்.
ஒவ்வொரு முறையும் ஷெரீஃப்
என்னை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து
என்ன ஆச்சு என்றான்.
ஒன்றும் ஆகவில்லை, ஒரு மீன் பார்த்தேன்.

நீச்சல் கற்றது முப்பத்து நான்கில்,
ஷார்ஜா அல் நஹ்தா, மொட்டைமாடிக் குளம்,
குளோரின் நெடியில்
ஆறு வயதுப் பிள்ளைகளோடு.

ஞாயிறு விடியல் நான்கரைக்கு
பிஜோயின் வண்டி ஹாரன் அடிக்காமல் வந்து நிற்கும்.
மலையைக் குடைந்த சாலை,
வழியில் கரக் சாய், முட்டை பராட்டா,
பிறகு திப்பா.
ரப்பர் உடுப்புக்குள் நுழைவது
ஈரக் காலில் இறுக்கமான ஷூ மாட்டுவது,
உடம்பு முழுக்க.
லூர்துவும் நானும் ஜோடி.
இறங்குமுன் என் குழாயில்
இரண்டு மூச்சு வாங்கிப் பார்ப்பார்,
குழம்பில் உப்புப் பார்ப்பவர் மாதிரி.
"ரப்பர் வாசம். நல்லாத்தான் இருக்கு."

கீழே பன்னிரண்டு மீட்டர்.
கஞ்சித் தண்ணீரில் டார்ச் அடித்த தெளிவு.
ஆனால் ஆமை வரும்.
நம்மைப் பார்க்கும்,
பார்த்தது போதும் என்று போகும்.
லூர்துவுக்கு என்ன வேலை என்று
ஒன்றரை வருடம் நான் கேட்கவில்லை.
அவர் காற்று எத்தனை நிமிடத்தில் தீரும் என்று தெரியும்.
பயந்தால் கடிகார வாரைத் திருகுவார் என்று தெரியும்.

வெளிநாட்டுப் பயணமும் உண்டு,
வெளிநாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு.
ஒருமுறை முசந்தம்:
சாவடியில் பாஸ்போர்ட் நகல்கள், அப்புறம் படகு,
அதே உப்பு, ஓமான் கணக்கில்.
மார்ச்சில் மாலத்தீவு.
பன்னிரண்டு பேர், ஆறு ஜோடி, ஆறு அறை.
முன்பணம் ரோவெனாவிடம்.
லூர்து மூன்று தவணையில் கட்டினார்,
கடைசித் தவணை சில்லறை திர்ஹமாக.

அந்த ஞாயிறு ஏறும்போது
வழக்கம்போல ஐந்து மீட்டரில் நின்றோம்.
ரத்தத்தில் கரைந்த வாயு
அவசரமில்லாமல் வெளியேற
மூன்று நிமிடம் சும்மா நிற்கவேண்டும்.
நங்கூரக் கயிற்றில் ஆளுக்கொரு கை.
இரண்டு ஐம்பது மீதமிருக்க
லூர்து பலகையை எடுத்து எழுதினார்,
ஆமை என்று எழுதும் அதே பென்சிலால்:
விசா கேன்சல். பதினெட்டாம் தேதி ஃப்ளைட்.

வாய் நிறைய ரெகுலேட்டர்.
சைகைகளில் தேடினேன்.
சுறாவுக்கு இருக்கிறது. காதடைப்புக்கு,
கெண்டைக்கால் பிடிப்புக்கு,
காற்று தீர்ந்ததற்கு இருக்கிறது.
விரலை வளைத்து ஓக்கேவா என்று காட்டினேன்.
அதுதான் கைக்கு வந்தது.
அவர் கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார்.
ஏதோ சரியில்லை.
அடுத்து எங்கே என்று சுட்டவேண்டும்,
காது என்றால் காதை, முகமூடி என்றால் முகமூடியை.
அவர் எதையும் சுட்டவில்லை.

ஒன்று நாற்பது.
ஒன்று முப்பத்தொன்பது.
பொடிமீன் கூட்டம் ஒன்று எங்கள் நடுவே புகுந்து போய்
எதையோ மறந்த மாதிரி திரும்பி வந்தது.
பலகையை வாங்கினேன்.
"மார்ச் பணம்?" என்று எழுதிவிட்டேன்.
இன்றைக்கும் கூசுகிறது.

அவர் சிரித்தார்.
சிரித்ததில் முகமூடிக்குள் தண்ணீர்.
தலையை நிமிர்த்தி மூக்கால் ஊதி
அதை வெளியேற்ற இருபது நொடி.
பிறகு கட்டைவிரலை உயர்த்தினார்.

படகில் பிஜோய் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தான்.

பதினோரு பேர் இப்போது.
மூவராக ஓர் அணி வைக்கலாம்,
விதியில் இடமிருக்கிறது என்கிறாள் ரோவெனா.
லூர்துவின் பெட்டி முப்பது கிலோவைத் தாண்டிவிட்டது.
ஈரத்தோடு கனக்கிறது என்று
உடுப்பை என் பால்கனியில் தொங்கவிட்டுப் போனார்.
துணி காயப்போடக்கூடாது இங்கே,
வாட்ச்மேன் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டார்.
எப்போதோ காய்ந்துவிட்டது அது.
சாயங்காலக் காற்றில்
எட்டாவது மாடியில்
மெதுவாகக் கால் உதைக்கிறது.