தொண்ணூற்றொன்பது

நரின் நகரிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்
உருளைக்கிழங்குச் சாக்கில் வந்தன.
பேருந்து ஓட்டுநர் கையெழுத்துக் கேட்டார், போட்டேன்.
சாக்கின் மண் இன்னும் என் விசைப்பலகையில்.

செவிலியர் தம் தொழிலின் அறநெறியை
எவ்வளவு அறிவார்கள் என்று எண்ணிச் சொல்வது,
பிஷ்கேக்கில், மூன்றாம் மாடியில்,
வெந்நீர்க் குழாய் கனைக்கும் இந்த அறையில்,
என் வேலை.
எப்போதும் என்றால் மூன்று.
சில வேளை, இரண்டு.
இல்லை, ஒன்று.
விடையே இல்லாவிட்டாலும்
ஒரு கேள்விக்கு இரண்டு குறி விழுந்திருந்தாலும்
தொண்ணூற்றொன்பது.
கண்ணை மூடிக்கொள் என்று
கணினிக்கு அதன் அர்த்தம்.

நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறீர்களா? மூன்று.
ஊசி போடுமுன் சம்மதம் கேட்கிறீர்களா? மூன்று.
பரிசுப் பொருளை மறுக்கிறீர்களா?
இங்கே மட்டும் ஆங்காங்கே இரண்டு.
ஒருத்தி ஓரத்தில் எழுதியிருக்கிறாள்:
"குதிரைப் பாலை மறுத்தால் கிழவர் அழுவார்."
சிரித்துக்கொண்டே இரண்டை அடித்தேன்.

மூன்று மூன்று மூன்று.
இத்தனை நல்லவர்கள் ஒரே ஆஸ்பத்திரியில் இருந்தால்
நரின் ஆறு இந்தக் குளிரிலும்
உறையாமல் ஓடியிருக்க வேண்டும்.

நாற்பத்து மூன்றாம் படிவம்.
பதினேழாம் கேள்வி.
தவறு நேர்ந்தால் தெரிவிக்கிறீர்களா?
எப்போதும் என்பதில் நீல மையில் ஒரு குறி,
தாளின் முதுகு புடைக்கும் அழுத்தம்.
இல்லை என்பதில் இன்னொன்று, பென்சிலில்,
விரல் பட்டால் போய்விடும்.
ஓரத்தில், ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் எழுத்து:

"மை மாலையில் போட்டது.
விடியற்காலை நாலு மணிக்கு மின்சாரம் போனது.
ஒன்பதாம் கட்டிலின் ஊசியை
ஆறாம் கட்டிலுக்குப் போட்டேன்."

இங்கே ஒரு பெயர் எழுதி அடித்திருக்கிறாள்.
ரகசியம் பற்றிய கேள்வி நினைவுக்கு வந்திருக்கும்.

"கைவிளக்கோடு உட்கார்ந்து விடியும் வரை நாடி பார்த்தேன்.
ஒன்றும் ஆகவில்லை.
ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்றார்.
நன்றி சொன்னார்.
அந்த நன்றிதான்.
பதிவேட்டில் இன்னும் எழுதவில்லை.
அதனால்தான் பென்சில்.
எழுதிவிட்டால் வந்து அழிப்பேன்."

அழிக்கவில்லை.
எழுதாமலே விட்டாளோ,
எழுதிவிட்டு ஓடிவந்தபோது
சாக்கு பேருந்தில் ஏறியிருந்ததோ.

சல்தனத் எஜேயிடம் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இருமுறை படித்தார்.
"பெயர் கேட்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம்,
தேடிப் போனால் நெறி தவறியவர்கள் நாம்."
தேநீரில் ஜாமைப் போட்டு நெடுநேரம் கலக்கினார்.
"இரண்டு குறி. விதி உனக்குத் தெரியுமே."

தெரியும்.
ஆறு ஆண்டு நானும் வெள்ளைக் கோட்டுப் போட்டவள்,
ஓஷில், குழந்தைகள் பிரிவில்.
அங்கே ஒரு பதிவேட்டில், ஒரு பிப்ரவரி இரவில்,
என் கையெழுத்துக்கு மேலே
ஒரு வரி காலியாக இருக்கிறது.
என்னிடம் யாரும் படிவம் நீட்டவில்லை.
நீட்டியிருந்தால்
நீல மையோடு நிறுத்தியிருப்பேன்.

ஒன்பதை அடித்தேன்.
மறுபடி ஒன்பது.
திரை பதினெட்டாம் கேள்விக்குத் தாவியது,
அங்கே அவள் விடை மூன்று.

எல்லோரும் கிளம்பிய பிறகு
அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்தேன்.
எதற்கென்று தெரியாது.
எடுக்கலாமா என்றும் தெரியாது,
முப்பத்தொரு கேள்வியில் அது இல்லை.
இயந்திரம் சூடாகத் துப்பிய தாளை
வெளிச்சத்தில் பிடித்தேன்.
பென்சில் ஏறவில்லை.
ஓரம் முழுக்க வெள்ளை.
எப்போதும் என்பதில்
கறுப்பாக ஒரே ஒரு குறி.