வெண்டைக்காய்க் கணக்கு

வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று
எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ,
ஜெய்ஹிந்த்புரமே நம்பியது.
எங்கள் வீட்டில் கொஞ்சம் கூடுதலாக நம்பினார்கள்,
வாரத்தில் ஆறு நாள்.

முத்தல் வெண்டை.
நார் பல்லிடுக்கில் கயிறு திரிக்கும்.
குழம்பில் போட்டால் கரண்டிக்கும் தட்டுக்கும் நடுவே
நூல் விட்டுக்கொண்டே இறங்கும்,
சளி பிடித்த பிள்ளையின் மூக்கு மாதிரி.
இதை வாய்விட்டுச் சொன்னதற்கு அடி விழுந்தது.
அண்ணன் சிரித்ததற்கும்
எனக்கேதான் விழுந்தது.

முதலில் ஜாமெட்ரி பாக்ஸில் ஒளித்தேன்.
கவராயமும் பாகைமானியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு
வரமாட்டேன் என்றன.
எஸ்தர் டீச்சர் திறந்து பார்த்து, பழையபடி மூடி,
"கோணம் வரையச் சொன்னா
கூட்டு வச்சிருக்கா" என்றார்.
வகுப்பு சிரித்து முடிக்க அந்தப் பீரியட் பத்தவில்லை.

அப்புறம்தான் சோணைமுத்துவோடு ஒப்பந்தம்.
என் தட்டு வெண்டையை அவன் தின்பான்,
அவன் நோட்டுக் கணக்கை நான் போடுவேன்.
ஆறு துண்டுக்கு ஒரு வகுத்தல்.
குழம்புத் துண்டு என்றால் மூன்றுக்கே ஒன்று.
அம்மா கண்ணில் அவன் வழித்துத் தின்கிற தங்கம்,
நான் அழுக்குணி.
ஐந்தாவது படிக்கும்போதே ஏழாவதுக் கணக்கு எல்லாம் போட்டேன்:
லாப நட்டம், தனிவட்டி,
ஒரு குழாய் நிரப்ப இன்னொரு குழாய் காலி செய்யும் தொட்டி.
முழுப் பரீட்சையில் அவன் பதினெட்டு மார்க்.
"இம்புட்டு வெண்டைக்காயத் தின்னுபுட்டு
எங்கிட்டுடா போச்சு எல்லாம்?"
அப்பா கேலியாகக் கேட்கவில்லை.
நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

இப்போது மாட்டுத்தாவணியில்
காசிம் ராவுத்தர் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி வரும்.
வாடிப்பட்டி வெண்டை, உசிலம்பட்டி வெண்டை,
மூட்டை, எடை, விலை, கமிஷன், இறக்குகூலி.
கடைசிப் பத்தி, கழிவு.
முத்தியது, வளைந்தது, புழு விழுந்தது.
அதற்கு விலை கிடையாது, ஒரு கோடு இழுத்தால் போதும்.
வெளிச்சம் வரும்போது சுமைக்காரர்கள்
துண்டில் முடிந்துகொண்டு போவார்கள்.

அந்தக் கோட்டை எத்தனை வருஷம் இழுத்தேனோ.
ஒரு விடிகாலையில்
கோட்டின் பாதியில் பேனா நின்றது.

அப்பா சென்ட்ரல் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர்.
வெண்டையில் பிஞ்சு என்று ஒன்று இருப்பதே
எனக்கு இந்த வேலைக்கு வந்துதான் தெரியும்.

அதனால் பிடித்துப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.
வயதானால் எல்லாம் பிடிக்கும் என்பார்கள்.
பாகற்காய் பிடித்துவிட்டது, சுண்டை வற்றல்கூட.
இது நாற்பத்தேழிலும் தொண்டையில் நிற்கிறது.
அப்பாவை நினைத்துக்கொண்டு ஒருநாள் தின்று பார்த்தேன்.
அப்பா வேறு,
வெண்டைக்காய் வேறு.

போன வாரம் திருமங்கலத்திலிருந்து சோணைமுத்து பேசினான்.
சர்க்கரை முந்நூற்றுப் பத்தாம்.
யாரோ வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள்,
ராத்திரி வெண்டையைக் கீறித் தண்ணீரில் போட்டு
காலையில் வெறும் வயிற்றில் அந்தத் தண்ணியை.
"மொதல்ல மாத்திரையப் போடு" என்றேன்.
"அதுவுந்தான் போடுறேன்.
பிஞ்சாப் பாத்து ஒரு கிலோ குடுத்துவிடு."
வைக்கப் போனவன் வைக்கவில்லை.
"எனக்கும் அப்ப பிடிக்காது புள்ள.
கணக்கு அதைவிடப் பிடிக்காது."

முனையை ஒடித்து ஒடித்துப் பொறுக்கினேன்.
டப்பென்று முறிந்தால் பைக்கு,
வளைந்துகொடுத்தால் அங்கிட்டு.
பேரேட்டில் என் பேரில் பற்று எழுதினேன்,
அன்றைய விலை போட்டு.
கழுவாத கை.
மறுநாள் அந்த இரண்டு பக்கத்தையும்
ஸ்கேலை விட்டுத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.