நாப்பதுக்கு ரெண்டு கம்மி

அடுக்கம்பாறை ஆஸ்பத்திரி, பதினேழாம் நம்பர் அறை.
எனக்கு முன்னால் ஊன்றுகோல்கள், மூன்று சக்கர வண்டிகள்,
விரல்களாலேயே சண்டை போட்டுக்கொள்ளும்
ஒரு புருசன் பெண்டாட்டி.
எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்:
யாருக்குத் துணையா வந்தே?

எனக்குத்தான், வலிப்பு, என்றேன்.
பக்கத்து அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.
பிறகு என்ன நினைத்தாளோ
பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து
மடியில் தயாராக வைத்துக்கொண்டாள்.
இதுவரை எத்தனையோ பேர் சாவியைப் பிடித்துவிட்டேன் அக்கா,
ஒரு பூட்டும் திறக்கவில்லை.

"பாத்தா நல்லாத்தானே கீற" என்றார்
வரிசை பார்க்கிறவர்.
ஆமாம் சார்.
அங்கங்கே ஒரு மூணு நிமிஷம் போக
மீதிக்கெல்லாம் நல்லாத்தான் கீறேன்.
அந்த மூணு நிமிஷம் ஒன்றில்தான்
ஷூ கம்பெனி மெஷின் ஊசி
நகத்தின் வழியே போய்விட்டு வந்தது.
சூப்பர்வைசர் நல்ல மனுசன்.
ரத்தம் துடைக்கத் துணி கொடுத்தார்,
கையோடு கணக்கையும் முடித்துக் கொடுத்தார்.

மாசத்துக்கு எத்தனை தடவை? டாக்டர் கேட்டார்.
அந்த நேரத்தில் நான் அங்கே இருப்பதில்லை டாக்டர்.
எண்ணுகிறவள் என் மகள் ரூபிகா, நாலாங்கிளாஸ்.
தினசரித் தாளில், ராகுகாலத்துக்குக் கீழே
பென்சிலால் ஒரு சுழி போடுவாள்.
கிழித்த தாள்களை ரப்பர் போட்டுக் கட்டிக் கொண்டுபோயிருந்தேன்.
புரட்டினார்.
ஒரு சனிக்கிழமையில் மூன்று சுழி.
"இதெல்லாம் செல்லாதும்மா. வீடியோ இருக்கா?"

இருந்தது. தம்பி லோகு எடுத்தது.
மேசைமேல் போனைச் சாய்த்து ஓட்டியபோதுதான்
நானும் முதல்முதலாகப் பார்த்தேன்.
சிமெண்டுத் தரையில் யாரோ ஒருத்தி
என் பச்சை நைட்டியில்.
குதிகால் தட்டுகிறது, தட்டுகிறது,
உள்ளிருந்து கதவைத் திறக்கச் சொல்வதுபோல.
லோகுவின் கை நடுங்குகிறது.
ஓரத்திலிருந்து ஒரு சின்னக் கை வந்து
முட்டிக்கு மேல் ஏறிய நைட்டியைக்
கீழே இழுத்துவிடுகிறது.
அது ஏறுகிறது. கை மறுபடி வருகிறது.
டாக்டர் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
நான் அந்தக் கையை.

மாத்திரை ஒழுங்கா போடுறியா?
போடுறேன்.
அப்போ குறைஞ்சிருக்குமே.
குறைஞ்சிருக்கு சார்.
முப்பத்தெட்டு சதவீதம் என்று எழுதினார்.
நாற்பது இருந்தால்தான் பணம்.

மாத்திரையை நிறுத்தினால் நாற்பதைத் தாண்டிவிடலாம்.
வாங்கக் கையெழுத்துப் போட
நான் இருக்க வேண்டுமே.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் நின்று
அந்த ரெண்டை உடம்பில் தேடினேன்.
இடது முழங்கையில் சோற்றுக் கஞ்சி பழுத்த இடம்.
நாக்கோரத்தில் பல் வெட்டிய பள்ளம்.
தாழ்ப்பாள் போடாமல் குளிக்கிற குளியல்.
நாத்தனாரின் கைக்குழந்தை
எல்லார் மடிக்கும் போய்
என் மடிக்கு மட்டும் வராமல் திரும்புவது.
கட்டம் கட்டமாக இருந்த அந்தப் படிவத்தில்
இதற்கு ஒரு கட்டம் இல்லை.
மறு ஆய்வு அடுத்த வருசம்.

குடியாத்தத்தில் டவுன் பஸ் ஏறினேன்.
கண்டக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல்
இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.
நீ எத்தனை சதவீதம் பொம்பளை என்று
அவர் கேட்கவில்லை.

வலிப்பு வருமுன் எனக்கு ஒரு வாசனை வரும்,
தொட்டியில் ஊறும் தோலின் வாசனை.
வேறு ஊரில் பிறந்திருந்தால் அது எச்சரிக்கை.
பேரணாம்பட்டில் அது வெறும் காற்று.

பஸ் ஊருக்குள் திரும்பியது.
வந்தது வாசனை.
கம்பியை விட்டுக் கீழே உட்கார்ந்துவிடலாமா என்று
கால் யோசிக்கும்போது
முன் சீட்டில் யாரோ வெளியூர்க்காரி
முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

அப்பாடா.